காவியா பாடுகிற நாளுக்கு ஒரு டிக்கெட்

ஓசூர்
24.3.2024, ஞாயிறு

காவியா,

நல்லா இருக்கியா என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நீ உண்மையைச் சொல்ல மாட்டாய். உன் அம்மா நஞ்சம்மாவும் அப்படித்தான், காய்ச்சலோடு கல்லுமாதிரி நின்று சமைப்பாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் எவ்வளவு மறைத்தாள் என்று தெரிந்தது.

விலாசம் ஹரிணி கொடுத்தது. அவளைத் திட்டாதே. நம்ம கம்பெனி குவாலிட்டி செக்ஷனில் நீ உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். கேண்டீனில் தட்டோடு போனவளை மறித்து, விலாசம் தராமல் சாப்பிட விடமாட்டேன் என்று நின்றேன். சாப்பாடு ஆறிப்போச்சு, பாவம். போன் நம்பர் அவளிடமும் இல்லையாம், நீ மாற்றிவிட்டாயாம். சந்தாபுரம் என்று எழுதித் தந்தாள். நீ பெங்களூர் நடுவில் எங்கேயோ இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். சந்தாபுரம் நம்ம பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். டூல்ரூம் விமல்ராஜ் தன் போனில் ஒரு போஸ்டர் காட்டினான். மே 18-ஆம் தேதி பெங்களூரில் பெரிய மைதானத்தில் கோடை இசை விழாவாம். மேலே பெரிய எழுத்தில் வெளிநாட்டுக்காரர்கள் பேர். அடியில் பொடி எழுத்தில் 'செக்போஸ்ட்'. "அண்ணா, இது நம்ம காவியா பாடற குரூப்புதானே?" என்றான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அதேதான். லாரி நிற்கிற இடத்துப் பேரை வைத்திருக்கிறார்களே, இவர்கள் எங்கே உருப்படப் போகிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டேன் இல்லையா, அதே பேர்.

நான் வருகிறேன். டிக்கெட் வாங்கித்தான் வருவேன். உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று நீ பையோடு கிளம்பின அன்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான், வாபஸ் கிடையாது. ஆனால் மைதானம் உன் வாசப்படி இல்லை. டிக்கெட் வைத்திருக்கிற எவனும் வரலாம். அதனால் ஓசி பாஸ் ஏதாவது அனுப்பி என் மானத்தை வாங்காதே.

பதில் போடு. போடாவிட்டாலும் வருவேன்.

அப்பா


சந்தாபுரம்
30.3.2024

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கவரில் அரிசிப் பசை போட்டு ஒட்டியிருந்தீர்கள். பிரிக்கும்போது பாதிக் கடிதம் கிழிந்துவிட்டது.

போன் வேண்டாம்பா. போனில் பேசினால் நாம் ரெண்டு பேரும் இரண்டாவது நிமிஷம் கத்த ஆரம்பித்துவிடுவோம். எழுதுங்கள். எழுத்தில் கத்த முடியாது.

அந்த விழாவுக்கு டிக்கெட் கிடைக்காது. சும்மா சொல்லவில்லை. ஆன்லைனில்தான் விற்பார்கள், திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இங்கே ஐ.டி. கம்பெனிப் பசங்களே ரெண்டு லேப்டாப், மூணு போன் வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் கிடைக்காமல் அழுவார்கள். உங்களிடம் இருப்பது பட்டன் போன். கிடைத்தாலும் நாள் முழுக்க நிற்க வேண்டும், உட்கார இடம் கிடையாது. பெங்களூரில் இந்த வருஷம் வெயிலும் பெருசு, தண்ணியும் இல்லை. எங்கள் ஹாஸ்டலில் குளிக்க டேங்கர் வந்தால்தான் உண்டு.

முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

காவியா


ஓசூர்
7.4.2024, ஞாயிறு

காவியா,

எழுத்தில் கத்த முடியாதென்று எவள் சொன்னாள்? இந்தக் கடிதம் முழுக்கக் கத்துகிறேன், படி.

நேற்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டிக்கெட் திறந்தார்கள். நான் பாதி நாள் லீவு போட்டேன். நான் லீவு கேட்டதும் சூப்பர்வைசர் "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டான். விமல்ராஜ் தன் போனை எங்களிடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். பிரஸ் ஷாப் முனீஸ்வரன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் எனக்காக வந்தான். சிப்காட் கேட் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம்.

திறந்ததும் வரிசை என்று ஒன்று காட்டியது. உங்களுக்கு முன்னால் நாற்பத்தோராயிரம் பேர் என்று போட்டிருந்தது. முனீஸ்வரன், "இருங்கண்ணா, ரேஷன் கடை லைனும் இப்படித்தான் தெரியும், சரசரன்னு போயிரும்" என்றான். அவன் சொன்னபடிதான் போனது. இருபதாயிரம், ஆறாயிரம், ஆயிரம் என்று இறங்கியது. டீ ஆறிவிட்டது, ரெண்டு பேரும் தொடவே இல்லை. முந்நூறில் வந்து நின்றுவிட்டது. நகரவே இல்லை.

நின்றுவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? இத்தனை வருஷமாகப் பிரஸ் மிஷினில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். பேனலில் நம்பர் நகராமல் நின்றால் ரீசெட் அடி. யோசிக்காதே, அடி. "அண்ணா, நின்னு போச்சுண்ணா" என்றான் முனீஸ்வரன். "அப்புறம் என்னடா பாக்கற, ரீசெட் அடி" என்றேன். நான்தான் சொன்னேன். அவன் போனில் மேலே வளைந்திருந்த அந்த அம்புக்குறியை அழுத்தினான்.

உங்களுக்கு முன்னால் தொண்ணூறாயிரம் பேர் என்று வந்தது.

விமல்ராஜ் ஷிப்ட் முடிந்து வந்து தலையில் அடித்துக்கொண்டான். தொடாமல் விட்டிருந்தால் இன்னும் ஒரு நிமிஷத்தில் உள்ளே போயிருப்பீர்கள் என்றான். முனீஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்க பொண்ணு பாடறத நான் கெடுத்துட்டண்ணா" என்கிறான். விடுடா, அவ பாடத்தான் போறா, நாமதான் போக முடியல என்று நான் அவனைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

ஏப்ரல் 27-இல் மிச்சம் இருப்பதை விற்பார்களாம். இந்த முறை எவன் ரீசெட் அடிக்கிறான் பார்க்கிறேன்.

தைலம் தேய்க்கிறேன்.

அப்பா


சந்தாபுரம்
13.4.2024

அப்பா,

டீக்கடையை நினைத்துச் சிரித்தேன். அறையில் யாரும் இல்லை, நல்ல வேளை.

முனீஸ்வரன் அண்ணாவை வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நடந்தது நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 27-ஆம் தேதிக்கு லீவு எல்லாம் போட வேண்டாம். மிச்சம் என்று அவர்கள் சொல்வது கொஞ்சம்தான், அதுவும் கிடைக்காது. செக்போஸ்டுக்குக் கொடுத்திருப்பது நல்ல வெயில் நேரத்தில் இருபது நிமிஷம். பெரிய பெரிய குழுக்களுக்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்ற இப்படிச் சின்னக் குழுக்களை ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள்.

இருபது நிமிஷத்துக்காக ஒரு நாள் பூராவும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போதாவது ஓசூர் பக்கம் ஏதாவது நடந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்கு வருஷப் பிறப்பு. மத்தியானம் ஓட்டலில் சாப்பிடாதீர்கள், பாயசமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

காவியா


ஓசூர்
28.4.2024, ஞாயிறு

பாப்பா,

கிடைத்துவிட்டது.

முதலில் அதை எழுதிவிட்டேன், இனி நிதானமாகச் சொல்கிறேன். நேற்று லீவு கிடைக்கவில்லை, டெஸ்பாட்ச் நெருக்கடி. எங்கள் போன் எல்லாம் கேட்டில் பெட்டிக்குள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் விமல்ராஜ் ஓடி வந்தான். கேண்டீனில் போன் என்று இருந்தது சமைக்கிற மாரம்மா ஒருத்தியிடம்தான். கேஸ் சிலிண்டருக்கும் பால்காரனுக்கும் பேச வைத்திருக்கிற போன். கண்ணாடி குறுக்காக உடைந்து, மேலே மாவு ஒட்டியிருக்கும். அதை விமல்ராஜ் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். "ஏன்பா, மோர் யாரு ஊத்தறது?" என்று மாரம்மா கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

வரிசை வந்தது, இறங்கியது. போன தடவை மாதிரியே நடுவில் நின்றது. பின்னாலிருந்து நாலு பேர் பழக்கதோஷத்தில் "ரீசெட், ரீசெட்" என்றார்கள். முனீஸ்வரன் திரும்பி, "கைய ஒடச்சிப்போடுவன், எவனும் கிட்ட வராதீங்க" என்றான். மோர்க் கரண்டியை வேறு ஓங்கிக்கொண்டு நின்றான். பிரஸ் ஷாப் மொத்தமும் சோற்றை விட்டுவிட்டு அந்த உடைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் ரெண்டு எழுத்து கன்னடம் வந்தாலும் மாரம்மாதான் படித்துச் சொன்னாள். பணத்தை அவளே தன் போனிலிருந்து கட்டினாள், நான் அங்கேயே கையில் கொடுத்துவிட்டேன். கடைசியில் பச்சையாக ஒன்று வந்தது. "சிக்து! அண்ணா, சிக்து!" என்று அவள் கூவினாள் பார், எனக்குத் தமிழில் கிடைத்தது என்று கேட்டிருந்தால் கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. எல்லாரும் தட்டைத் தட்டினார்கள். நான் ஒரு ஓரமாகப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ மேடையில் பாடி நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடினாய், நான் ஓவர்டைமில் இருந்தேன். உன் அம்மா வந்து சொல்லுவாள், நான் பாதித் தூக்கத்தில் சரி சரி என்பேன். இந்த ஒரு தடவை முழுசாக முழித்துக்கொண்டு கேட்க வேண்டும். இருபது நிமிஷம் போதும்.

மைதானத்துக்கு என்ன சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும்? கம்பெனி யூனிபாரத்தோடு விடுவார்களா? ஆயுதபூஜைக்கு எடுத்த கட்டம் போட்ட சட்டை இருக்கிறது.

அப்பா


சந்தாபுரம்
3.5.2024

அப்பா,

டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். விமல்ராஜுக்கே கொடுங்கள், அவர்தானே கஷ்டப்பட்டார்.

நான் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் புரிந்துகொள்ளவில்லை, அதனால் சொல்கிறேன். நீங்கள் எதிரே நின்றால் யாராலும் நிம்மதியாகப் பாட முடியாது. எனக்கு உங்கள் முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு நீங்கள் சொன்னதெல்லாம் காதில் விழும். பாட்டு வராது. அவ்வளவுதான்.

கோபப்படாதீர்கள். வரவேண்டாம். இதற்குமேல் இதைப்பற்றி எழுத வேண்டாம்.

காவியா


ஓசூர்
8.5.2024

காவியா,

உன் கடிதத்தை ரெண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். என்னைப் பார்த்தால் பாட்டு வராதா உனக்கு? நான் என்ன புலியா, கரடியா?

அப்புறம் யோசித்தேன். நானும் கூத்தாடி அது இது என்று வாயில் வந்ததையெல்லாம் பேசியவன்தான். மிஷினில் வேலை பார்க்கும்போது மேனேஜர் பின்னால் வந்து நின்றால் எனக்கே கை தடுமாறும். அதுமாதிரி என்று வைத்துக்கொள்கிறேன்.

டிக்கெட்டை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பிரிண்ட் எடுத்ததை விமல்ராஜிடம் நீட்டினேன், அவன் கையால் தொடவில்லை. "நீங்க போகலேன்னா மாரம்மா எனக்குச் சோறு போடமாட்டா" என்கிறான். வருகிறேன். ஆனால் முன்னால் வரமாட்டேன். கடைசியில், கம்பி ஓரமாக நிற்பேன். தலையில் துண்டு போட்டுக்கொள்கிறேன், தொப்பி வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறேன். நான் வந்திருக்கிறேன் என்றே உனக்குத் தெரியாது. நீ பாட்டுக்குப் பாடு. கேட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன், வந்து பேசக்கூட மாட்டேன்.

இதுக்குமேல் என்னால் இறங்கி வர முடியாது பாப்பா.

அப்பா


சந்தாபுரம்
15.5.2024, புதன்

அப்பா,

தொப்பி போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை.

நான் சனிக்கிழமை பாடவில்லை. செக்போஸ்டில் நான் இல்லை. டிசம்பரிலிருந்தே இல்லை. பாடுவேன் என்று இதுவரை எழுதின எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை, நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள், நான் அப்படியே விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு அப்புறம் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்துப் பாடிக்கொண்டே இருந்தேன். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் கட்டி என்றார். ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போய்விட்டது, குரலும் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது, நடுநடுவே சாக்கைக் கிழிக்கிற சத்தம் வருகிறது. பேச்சு கொஞ்சம் தேறலாம், பாட்டுக்கு இனி நம்பிக்கை வைக்காதே என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் அஸ்வின் நல்லவன்தான், இரண்டு மாதம் காத்திருந்தான். அப்புறம் வேறு பெண் வந்துவிட்டாள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இப்போது இங்கே ஒரு குடோனில் பார்சல் பிரிக்கிறேன். பேசத் தேவையில்லாத வேலை.

போன் வேண்டாம் என்று சொன்னது சண்டை வரும் என்பதற்காக இல்லை. ஒரு ஹலோ சொன்னால் போதும், உங்களுக்குத் தெரிந்துவிடும். இதற்காகவா நல்ல வேலையை விட்டாய் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்கும். உங்கள் முகத்தைப் பார்த்தால் பாட்டு வராது என்று எழுதினது பொய். நீங்கள் வராமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஹரிணிக்குக்கூட இது தெரியாது. அதனால் அவளிடம் சொல்லி அனுப்பவும் முடியவில்லை. ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை கையில் கிடைத்துவிடும். போகாதீர்கள் அப்பா. தயவுசெய்து போகாதீர்கள். வெயிலில் நின்று யாரோ ஒருத்தி பாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

காவியா


ஓசூர்
20.5.2024, திங்கள்

பாப்பா,

உன் கடிதம் இன்றைக்குச் சாயந்திரம்தான் கிடைத்தது. ஸ்பீடு போஸ்டுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமாம். போஸ்ட்மேன் வெள்ளிக்கிழமை வந்திருக்கிறார், நான் ஷிப்டில். சனிக்கிழமை வந்திருக்கிறார், நான் அங்கே கிளம்பிப் போய்விட்டேன். நேற்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இன்று வேலை முடிந்து போஸ்ட் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கே பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தேன். சாதாரணத் தபாலில் போட்டிருந்தால் கதவு இடுக்கில் போட்டுவிட்டுப் போயிருப்பார். உன் மேல் தப்பில்லை. சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்றுதானே போட்டாய்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்டில் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டி உள்ளே விட்டார்கள். சொன்னபடி கடைசியில் நின்றேன், துண்டு போட்டுக்கொண்டு. நாலு மணி வாக்கில் செக்போஸ்ட் என்று அறிவித்தார்கள். ஒரு பெண் வந்து பாடினாள். தூரத்தில் தெரியவில்லை, முடியை வெட்டிவிட்டாய் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். நீ இல்லை.

எனக்கு என்ன தோன்றும் சொல்லு. நீ எழுதியதுதான் தோன்றியது. மேடைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துவிட்டாய், அதனால் மேடை ஏறாமல் நிற்கிறாய் என்று நினைத்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது, அப்போதும் அவளேதான். இருபது நிமிஷத்தில் பாதி போய்விட்டது, என்னால் இவளுக்கு இதுவும் போகிறதே என்று பதறிப்போய் வெளியே ஓடினேன். கேட்டில் இருந்தவன், "வெளிய போனா மறுபடி விடமாட்டோம் சார்" என்றான். பரவாயில்லை என்று வந்துவிட்டேன். நான் போய்விட்டேன் என்று தெரிந்தால் நீ வருவாய் இல்லையா? சுவருக்கு வெளியே ரோட்டோரத்தில் நின்று, உன் குரல் வருகிறதா, உன் குரல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பஸ் சத்தத்தில் ஒன்றும் சரியாக விழவில்லை. ஒரு பாட்டு உன் குரல் மாதிரி இருந்தது. அது நீதான் என்று முடிவு பண்ணிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அடி பைத்தியக்காரி, ஆஸ்பத்திரியில் உன்கூட யார் இருந்தது? ஆபரேஷனுக்குக் கையெழுத்து யார் போட்டது? மயக்கம் தெளிந்து கண் முழித்தபோது பக்கத்தில் யாராவது இருந்தார்களா? இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நான் இங்கே மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேலையை விட்டதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சத்தியமாகக் கேட்க மாட்டேன். இனி குடோனில் தூசியில் நிற்காதே, அது தொண்டைக்கு ஆகாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இன்று காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது உன் கடிதம் என் கைக்கு வரவில்லை. என்னால்தான் நீ பாடவில்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடினாள், நல்லா பாடினாள், கூட்டம் கை தட்டியது என்று சொல்லிவிட்டேன். மாரம்மா எல்லாருக்கும் கேசரி கிண்டிப் போட்டாள். முனீஸ்வரன் அழுதுவிட்டான். விமல்ராஜ் என் கையில் இருந்த பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

என்ன பாட்டு பாடிச்சுண்ணா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குப் பேர் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். நாளைக்கும் கேட்பார்கள், விடமாட்டார்கள். அந்த மேடையில் நீ ஏறியிருந்தால் எந்தப் பாட்டைப் பாடியிருப்பாய்? முதல் இரண்டு வரியோடு எழுதி அனுப்பு பாப்பா, அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

அப்பா